டி.வி கைவிட்டது... காது காப்பாற்றியது! 'டாக்டர் ஹூ' ஒலிநாடகங்களின் கதை

பால் மெக்கேனுக்கு அந்த வேடம் நிலைத்தது ஒரே ஒரு ராத்திரிதான்!

1996 மே 27. பிரிட்டனில் அன்று விடுமுறைத் திங்கட்கிழமை. ஆறரை வருடங்களாக நின்றுபோயிருந்த 'டாக்டர் ஹூ' தொடர், ஒரு டெலிஃபிலிமாக பி.பி.சி-க்குத் திரும்பி வந்தது. புது டாக்டர், பால் மெக்கேன். நீளமான சுருள்முடி விக், பழைய பாணி கோட்டு, கண்ணில் குறும்பு. சுமார் 90 லட்சம் பேர் பார்த்தார்கள். நல்ல கூட்டம்தான். ஆனால், படம் அமெரிக்க நிறுவனங்களோடு கூட்டாக, கனடாவின் வான்கூவரில் எடுக்கப்பட்டது. அமெரிக்காவில் எடுபட்டால்தான் தொடர் வரும் என்பது கணக்கு. அங்கே 13 நாட்கள் முன்னதாகவே ஃபாக்ஸ் சேனலில் போட்டிருந்தார்கள். அதே நேரத்தில் போட்டி சேனலில் 'ரோசன்' என்ற காமெடித் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. படம் எடுபடவில்லை. தொடரும் வரவில்லை.

விக்கைக் கழற்றி வைத்துவிட்டு மெக்கேன் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. 2001-ல் தொடங்கி கால் நூற்றாண்டாக அதே டாக்டராக அவர் நடித்துக்கொண்டிருக்கிறார். கேமரா கிடையாது, மேக்கப் கிடையாது. ஒரு மைக், கையில் வசனத் தாள், அவ்வளவுதான். டி.வி-யில் ஒன்றரை மணி நேரம் மட்டும் வாழ்ந்த ஒரு கதாபாத்திரம், ஒலிநாடகங்களில் நூறு மணி நேரத்துக்கும் மேல் வாழ்ந்துவிட்டது. அந்த விசித்திரம் எப்படி நடந்தது?

முதலில், யார் இந்த டாக்டர்?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1963 நவம்பர் 23 அன்று பி.பி.சி-யில் தொடங்கிய அறிவியல் புனைகதைத் தொடர் 'டாக்டர் ஹூ'. அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதற்கு மறுநாள். அந்தப் பரபரப்பில் பலர் பார்க்கத் தவறினார்கள் என்று, அடுத்த வாரம் முதல் எபிசோடை மறுபடியும் போட்டார்கள். அந்த முதல் கதையை இயக்கியவர் நம் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன் என்பது உபரித் தகவல்.

கதாநாயகர் வேற்றுக்கிரகவாசி. பெயர் 'டாக்டர்', அதற்குமேல் சொல்ல மாட்டார். அவருடைய வாகனம் டார்டிஸ். வெளியிலிருந்து பார்த்தால் பிரிட்டிஷ் போலீஸார் பயன்படுத்திய நீல நிற டெலிபோன் கூண்டு. உள்ளே போனால் அரண்மனை போல விரியும். அதில் ஏறி காலத்தில் முன்னும் பின்னும் போவார். சாகும் நிலை வந்தால் உடம்பு புதிதாக மாறும். முகம், குரல், குணம் எல்லாம் மாறும், நினைவுகள் மட்டும் தங்கும். கூடுவிட்டுக் கூடு பாய்கிற கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியாத விஷயமே இல்லை. 1966-ல் முதல் டாக்டராக நடித்தவரின் உடல்நிலை சரியில்லாமல் போனபோது பி.பி.சி கண்டுபிடித்த தந்திரம் இது. 60 வருடங்களாகத் தொடரை இழுத்துக்கொண்டு வருவதும் இதுதான். மெக்கேன், எட்டாவது டாக்டர்.

இந்தத் தொடருக்கும் காதுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒரு பந்தம். கையில் காசில்லாத தொடர் அது. அட்டைச் சுவர்கள் ஆடுவது திரையிலேயே தெரியும் என்று கேலி செய்வார்கள். ஆனால், சத்தத்தில் கஞ்சத்தனம் காட்டவில்லை. ரான் கிரெய்னர் எழுதிய டைட்டில் இசையை, டெலியா டெர்பிஷயர் என்ற பெண்மணி டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி உருவாக்கினார். டார்டிஸ் கிளம்பும்போது கேட்கும் அந்த மூச்சுவாங்கும் கரகரப்பு எப்படி வந்தது தெரியுமா? பிரயன் ஹாட்ஜ்சன் என்ற ஒலிக்கலைஞர், ஒரு பழைய பியானோவின் கம்பிகளில் வீட்டுச் சாவியை வைத்துத் தேய்த்தார். அந்தச் சத்தத்தைத்தான் இன்று வரை பயன்படுத்துகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. 60, 70-களில் பி.பி.சி தன் பழைய நிகழ்ச்சிகளின் டேப்புகளை அழித்து மறுபடி பயன்படுத்தியது. அதில் முதல் இரண்டு டாக்டர்களின் 90-க்கும் மேற்பட்ட எபிசோடுகள் காணாமல் போய்விட்டன. சில பிரதிகள் எங்கெங்கிருந்தோ கிடைத்தன. 2013-ல்கூட நைஜீரியாவிலிருந்து ஒன்பது எபிசோடுகள் மீண்டன. ஆனால், படம் தொலைந்த அத்தனை எபிசோடுகளுக்கும் ஒலி இருக்கிறது. ஒன்றுகூடத் தொலையவில்லை. காரணம், அந்தக் காலத்துச் சிறுவர்கள் சிலர் டி.வி பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்து, வீட்டில் யாரும் இருமக்கூடாது என்று மிரட்டிப் பதிவுசெய்து வைத்திருந்ததுதான். அந்த ஒலிக்கு இன்று அனிமேஷன் படம் சேர்த்து வெளியிடுகிறார்கள்.

அதாவது, பி.பி.சி தூக்கி எறிந்ததை ரசிகர்களின் டேப் காப்பாற்றியது. பின்னால் நடந்ததும் கிட்டத்தட்ட அதேதான்.

பொழுதுபோக்கிலிருந்து ஒரு கம்பெனி

80-களில் சில ரசிகர்கள் சேர்ந்து, சொந்தமாகக் கதை எழுதி, தாங்களே நடித்து, 'டாக்டர் ஹூ' ஒலிநாடகங்களை கேசட்டில் பதிவுசெய்து நண்பர்களுக்குள் சுற்றுக்கு விட்டார்கள். 'ஆடியோ விஷுவல்ஸ்' என்று பெயர். லாபம் கிடையாது, அனுமதி கிடையாது, ஆசை மட்டும் உண்டு. அதில் டாக்டராகவே குரல் கொடுத்த இளைஞர்களில் ஒருவர் நிக்கோலஸ் பிரிக்ஸ். உடன் இருந்தவர்களில் ஒருவர் கேரி ரஸ்ஸல்.

தொடர் 1989-ல் நின்றுபோனது. 90-களின் கடைசியில் 'பிக் ஃபினிஷ்' என்ற சிறிய ஒலிநாடக நிறுவனம் உருவாகி, பி.பி.சி-யிடம் முறையாக உரிமம் வாங்கியது. 1999 ஜூலையில் முதல் வெளியீடு: 'தி சைரன்ஸ் ஆஃப் டைம்'. டி.வி-யில் டாக்டராக நடித்த பீட்டர் டேவிசன், காலின் பேக்கர், சில்வெஸ்டர் மெக்காய் மூவருமே நடித்தார்கள். எழுதி இயக்கியவர், கேசட் காலத்து அதே நிக்கோலஸ் பிரிக்ஸ். தயாரிப்பாளர், அதே கேரி ரஸ்ஸல். பிரிக்ஸ் இதோடு நிற்கவில்லை. 2005-ல் தொடர் டி.வி-க்குத் திரும்பியபோது, டாலெக் என்ற வில்லன் இயந்திரங்களுக்குக் குரல் கொடுக்கக் கூப்பிடப்பட்டதும் அவரைத்தான். 'ரிங் மாடுலேட்டர்' என்ற கருவி வழியாகப் பேசினால் வரும் அந்தக் கரகர உலோகக் குரலை, அவர் சின்ன வயதிலிருந்தே பழகி வைத்திருந்தார்.

ஒலிநாடகத்தில் ஒரு சிக்கல் உண்டு. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதால், எழுத்தாளர்கள் பதறிப்போய் எல்லாவற்றையும் வசனத்தில் சொல்ல வைத்துவிடுவார்கள். பிரிட்டிஷ் நடிகர் டிமொதி வெஸ்ட் இதைக் கிண்டல் செய்தே ஒரு குறுநாடகம் எழுதினார். அதன் தலைப்பு, 'என் வலது கையில் இருக்கும் இந்தத் துப்பாக்கியில் குண்டு நிரப்பப்பட்டிருக்கிறது'! பிக் ஃபினிஷின் சுமாரான நாடகங்களில் இந்த நோய் உண்டு. 'அதோ பார், ஆறு கால்களோடு ஒரு பச்சை ஜந்து' என்று யாராவது அலறுவார்கள். நல்ல நாடகங்களில் ஜந்து மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்கும். மிச்சத்தை நீங்களே கற்பனை செய்துகொண்டு பயப்படலாம்.

வேலை நடக்கும் விதமும் சுவாரஸ்யம். ஒவ்வொரு நடிகருக்கும் தனித்தனிக் கண்ணாடி அறை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம், ஹெட்போனில் கேட்டுக்கொள்ளலாம். ஆனால், ஒருவர் குரல் இன்னொருவர் மைக்கில் விழாது. விண்கலத்துக்குள் இருப்பவர் குரலுக்கு எதிரொலி, வெளியே மழையில் நிற்பவர் குரலுக்கு மழை என்று பிறகு தனித்தனியாகச் சேர்க்க அது வசதி. இரண்டு மணி நேர நாடகத்துக்கு ரெக்கார்டிங் பெரும்பாலும் இரண்டே நாட்கள். அங்கே மதியச் சாப்பாடு பிரமாதமாக இருக்கும் என்பது நடிகர்கள் மத்தியில் பிரபலமான பேச்சு.

கராச்சிக்குக் கிளம்பிய ஆகாயக் கப்பல்

2001 ஜனவரியில் மெக்கேனின் முதல் ஒலிநாடகம் வந்தது. 'ஸ்டார்ம் வார்னிங்'. ஆலன் பார்ன்ஸ் எழுதியது. இதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட களம், நிஜத்தில் நடந்த ஒரு விபத்து.

1930-ல் உலகின் மிகப் பெரிய பறக்கும் வாகனம், பிரிட்டனின் 'ஆர்-101' ஆகாயக் கப்பல். நீளம் 230 மீட்டருக்கும் மேல். ஹைட்ரஜன் நிரப்பிய ராட்சத பலூன், அதற்குள்ளே சாப்பாட்டுக்கூடம், படுக்கை அறைகள் எல்லாம் உண்டு. அப்போது பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த கராச்சிதான் அதன் இலக்கு. அதை நிறுத்துவதற்காக கராச்சியில் பிரமாண்டமான கொட்டகையே கட்டி வைத்திருந்தார்கள். அக்டோபர் 4 மாலை, மோசமான வானிலையில் இங்கிலாந்தின் கார்டிங்டனிலிருந்து கிளம்பியது. மறுநாள் அதிகாலையில், பிரான்சில் போவே நகருக்கு அருகே தரையில் மோதி எரிந்தது. இருந்தவர்கள் 54 பேர். இறந்தவர்கள் 48 பேர். பிரிட்டனின் விமானத்துறை அமைச்சர் தாம்சன் பிரபுவும் அதில் ஒருவர். கராச்சிக் கொட்டகைக்கு அந்தக் கப்பல் வரவே இல்லை.

நாடகத்தில், இந்தக் கப்பலில் சார்லி பொல்லார்டு என்ற 18 வயதுப் பெண் திருட்டுத்தனமாக ஏறியிருக்கிறாள், பணியாள் பையன் வேஷத்தில். துறுதுறுப்பான பணக்கார வீட்டுப் பெண். உலகம் சுற்றிப் பார்க்க ஆசை. டாக்டரும் அதே கப்பலில் வந்து மாட்டுகிறார். கப்பல் விழப்போகிறது என்று அவருக்குத் தெரியும். வரலாற்றை மாற்றக்கூடாது என்றும் தெரியும். ஆனால், கண்முன்னே நிற்கிற பெண்ணைச் சாகவிட மனசு வரவில்லை. இழுத்துக்கொண்டு டார்டிஸில் ஏற்றிவிடுகிறார்.

இதோடு விட்டிருந்தால் அது ஒரு சாகசக் கதை. பிக் ஃபினிஷ் விடவில்லை. செத்திருக்க வேண்டிய பெண் உயிரோடு நடமாடினால் காலத்தின் கணக்கு என்ன ஆகும் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்த நாடகங்களில் வருடக்கணக்கில் துரத்தினார்கள். அவள் உயிரோடு இருப்பதே பிரபஞ்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிக்கிறது. டாக்டர் அதை உணர்கிறார், ஆனால் அவளிடம் சொல்லவில்லை. சார்லியாகக் குரல் கொடுத்தவர் இந்தியா ஃபிஷர். பெயரில் இந்தியா, ஆள் பிரிட்டிஷ் நடிகை. அவர் குரலில் இருக்கும் உற்சாகம்தான் விஷயமே. அவ்வளவு உயிர்ப்பான ஒரு குரலை 'நீ இருக்கவே கூடாது' என்று விதி சொன்னால், கேட்கிற நமக்கு விதிமேல் கோபம் வருகிறது.

ஆகாயக் கப்பல், புயல், தீ. 90-களின் பி.பி.சி பட்ஜெட்டில் இதைப் படமாக்கியிருந்தால் பொம்மைக் கப்பல் ஆடியிருக்கும். காதில் கேட்கும்போது கம்பிகள் முறுக்கிக்கொள்கிற சத்தமும், துணியில் மழை அறைகிற சத்தமும் போதும்.

கலர் கோட்டுக்காரரின் பாக்கி

மெக்கேனைவிட அதிகமாகக் காயம்பட்டவர் ஒருவர் உண்டு. ஆறாவது டாக்டர், காலின் பேக்கர்.

1984-ல் வேடமேற்றார். அவருக்குக் கொடுத்த உடை, கண்ணைப் பறிக்கும் பல வண்ண ஒட்டுப்போட்ட கோட்டு. சிடுசிடுக்கும், தற்பெருமை பேசும் டாக்டராக எழுதினார்கள். போகப்போக மென்மையாவார் என்பது திட்டம். மென்மையாக நேரம் கிடைக்கவில்லை. 1985-ல் தொடரை 18 மாதம் நிறுத்தி வைத்தார்கள். திரும்பி வந்து ஒரே ஒரு சீசன் முடிந்ததும், 1986-ல் பேக்கரை நீக்கிவிட்டார்கள். டாக்டர் மாறும் காட்சிக்கு மட்டும் வந்து நடித்துக்கொடுங்கள் என்றபோது அவர் மறுத்தார். யார்தான் ஒப்புக்கொள்வார்கள்? 1987-ல், அடுத்த டாக்டராக வந்த சில்வெஸ்டர் மெக்காய்க்கே பேக்கரின் கோட்டையும் சுருள்முடி விக்கையும் மாட்டி, தரையில் குப்புறப் படுக்க வைத்து அந்தக் காட்சியை எடுத்தார்கள். ஒரு நாயகனுக்கு இப்படி ஒரு வழியனுப்பு!

ஒலிநாடகத்தில் முதல் நன்மை, அந்தக் கோட்டு தெரியாது. (சிரிக்காதீர்கள், ரசிகர்கள் நிஜமாகவே சொல்லும் காரணம் இது.) இரண்டாவது, அவருக்குக் கிடைத்த துணை. டாக்டரோடு பயணம் செய்பவர்கள் டி.வி-யில் பெரும்பாலும் இளம்பெண்கள்தான். 2000-ல் வந்த 'தி மரியன் கான்ஸ்பிரசி' நாடகத்தில், ஐம்பதைத் தாண்டிய வரலாற்றுப் பேராசிரியை ஒருவரைச் சேர்த்தார்கள். பெயர் எவலின் ஸ்மைத். மேகி ஸ்டேபிள்ஸ் நடித்தார். ஸ்வெட்டரும் சாக்லேட் கேக்குமாக வாழும் அம்மா. டாக்டர் தற்பெருமை பேசினால் மாணவனை அதட்டுவது போல அதட்டுவார். வாழ்நாள் முழுக்கப் புத்தகத்தில் படித்த டியூடர் காலத்தில் நேரில் போய் நிற்கிறபோது, அவர் குரலில் வருகிற சந்தோஷத்தைக் கேட்க வேண்டும். தன் இதயம் பலவீனமானது என்பதை மட்டும் டாக்டரிடம் மறைத்துவிடுகிறார். வயதான ஒருவர் அந்த உண்மையைச் சொன்னால் ஊர் சுற்றக் கூட்டிப்போக மாட்டார்கள், இல்லையா? நம் வீட்டுப் பெரியவர்கள் சுகர் ரிப்போர்ட்டை ஒளித்து வைப்பது ஞாபகம் வருகிறது.

எவலினுக்குப் பக்கத்தில் நின்றதும் பேக்கரின் டாக்டர் மாறினார். அன்று டி.வி-யில் திட்டமிட்டு நடக்காமல் போன அந்த மென்மை, இங்கே நடந்தது. 'டாக்டர் ஹூ' பத்திரிகை வாசகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில், ஒலிநாடகங்களின் சிறந்த டாக்டராக அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

2015-ல் 'தி லாஸ்ட் அட்வென்ச்சர்' என்ற தொகுப்பு வந்தது. ஆறாவது டாக்டரின் கடைசி நாளை, 29 வருடம் கழித்து, காலின் பேக்கரே நடித்துக் கொடுத்தார். தரையில் குப்புறக் கிடந்த விக் இல்லை. தன் முடிவைத் தெரிந்துகொண்டு, தானே தேர்ந்தெடுத்து ஏற்றுக்கொள்கிற டாக்டர்.

தாத்தா கொடுத்த வாக்கு

இந்த நாடகங்களில் என்னை அதிகம் பாதித்த கதை இனிமேல்தான். இதற்கு 1964-க்குப் போக வேண்டும்.

தொடரின் முதல் எபிசோடிலேயே டாக்டரோடு ஒரு பேத்தி உண்டு. பெயர் சூசன். நடித்தவர் கரோல் ஆன் ஃபோர்டு. 1964 டிசம்பர் 26 அன்று வந்த எபிசோடில் அவர் தொடரிலிருந்து விலகினார். கதைப்படி, டாலெக்குகள் நாசமாக்கிய 22-ம் நூற்றாண்டு பூமி. அங்கே போராளி இளைஞன் டேவிட் மேல் சூசனுக்குக் காதல். ஆனால், வயதான தாத்தாவைத் தனியே விட மனமில்லை. அது தாத்தாவுக்குப் புரிகிறது. டார்டிஸுக்குள் போய், கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார். வெளியே பேத்தி. உள்ளேயிருந்து ஒலிபெருக்கியில் பேசுகிறார். 'ஒருநாள் திரும்பி வருவேன்' என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்.

வரவில்லை. தாத்தாவின் முகம் மாறியது, மறுபடி மாறியது, தொடர் வளர்ந்தது, நின்றது. 1983-ல் ஆண்டுவிழா ஸ்பெஷலில் இருவரும் வேறோர் இடத்தில் சந்தித்தார்கள். ஆனால், அவள் குடித்தனம் நடத்தும் பூமிக்கு அவர் போய் 'எப்படி இருக்கே' என்று கேட்டதில்லை.

2009-ல் 'ஆன் எர்த்லி சைல்டு' என்ற ஒலிநாடகத்தில் போனார். மெக்கேனின் டாக்டர். எதிரே, அதே கரோல் ஆன் ஃபோர்டு. 45 வருடம் கழித்து.

கணக்குப் பாருங்கள். மெக்கேன் 1959-ல் பிறந்தவர், ஃபோர்டு 1940-ல். தாத்தாவைவிடப் பேத்தி 19 வயது மூத்தவர்! டி.வி-யில் இதைக் காட்டினால் விளக்கம் சொல்லியே அரை எபிசோடு போகும். காதில் விழும்போது அந்தக் கேள்வியே எழுவதில்லை. அவர் 'தாத்தா' என்று கூப்பிடுகிறார், இவர் பதில் சொல்கிறார். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

சூசனுக்கு அலெக்ஸ் என்று ஒரு மகன். டாக்டருக்குக் கொள்ளுப்பேரன். அந்த வேடத்தில் ஜேக் மெக்கேன். பால் மெக்கேனின் சொந்த மகன். அடுத்த வருடம் வந்த ஒரு நாடகத்தில் டாக்டர் இவர்களை டார்டிஸுக்குக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு அழைக்கிறார். ஒரு சாதாரண குடும்பம் போல இருக்க முயன்று சொதப்புகிறார்கள். உடன் லூசி மில்லர் என்ற பெண், ஷெரிடன் ஸ்மித் நடிப்பில். வாய்த்துடுக்கு ஜாஸ்தி, மனசு தங்கம்.

2011-ல் வந்தது 'டு த டெத்'. டாலெக்குகள் மறுபடி பூமிக்கு வருகின்றன. அலெக்ஸ் இறந்துபோகிறான். லூசியும் தன்னையே பலிகொடுத்து மற்றவர்களைக் காப்பாற்றுகிறாள். கொள்ளுப்பேரன் போனபின் தாத்தாவும் பேத்தியும் பேசிக்கொள்கிற இடத்தில் பின்னணி இசையைக்கூடக் குறைத்துவிடுகிறார்கள். பஸ்ஸில் போகும்போது கேட்க வேண்டாம். பக்கத்து சீட்காரர் 'என்னாச்சு' என்று கேட்பார்.

ஏழு நிமிடங்களில் ஓர் அங்கீகாரம்

இவ்வளவும் நடந்தது ஒரு சின்ன வட்டத்துக்குள். காசு கொடுத்து சி.டி வாங்கிய, பிறகு டவுன்லோடு செய்த ரசிகர்களுக்கு மட்டுமே தெரியும். 'இதெல்லாம் நிஜக் கதையில் சேராது' என்று வாதிட்டவர்களும் உண்டு. டி.வி இதற்குள் கை நீட்டாமல் இல்லை. ராப் ஷியர்மன் எழுதிய 'ஜூபிலி' என்ற ஒலிநாடகத்தின் கருவை எடுத்து, 2005-ல் அவரையே 'டாலெக்' என்ற டி.வி எபிசோடு எழுத வைத்தார்கள். ஆனால் மெக்கேனின் டாக்டர்?

2013 நவம்பர் 14. தொடரின் 50-வது பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் முன்பு, பி.பி.சி முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு குறும்படத்தை இணையத்தில் விட்டது. 'தி நைட் ஆஃப் தி டாக்டர்'. ஏழு நிமிடம்கூட இல்லை. திரையில் பால் மெக்கேன்! 17 வருடங்களுக்குப் பிறகு. விக் இல்லாமல், வயதான முகத்தோடு. இந்த டாக்டர் எப்படி இறந்தார் என்பதைச் சொல்லும் படம் அது. உருமாற்றம் தரும் பானத்தைக் குடிக்கும் முன், தன்னோடு பயணம் செய்த நண்பர்களின் பெயர்களைச் சொல்லி விடைபெறுகிறார். சார்லி, க்ரிஸ், லூசி, டாம்சின், மோலி.

டி.வி மட்டும் பார்த்தவர்களுக்கு யார் இவர்களெல்லாம் என்று புரிந்திருக்காது. ஐந்து பேருமே ஒலிநாடகத்தில் மட்டும் வாழ்ந்தவர்கள். ஆகாயக் கப்பலில் திருட்டுத்தனமாக ஏறிய பெண்ணின் பெயரை, ஒரு டாக்டர் பி.பி.சி-யின் கேமரா முன் சொன்னார். 12 வருடம் காதில் மட்டும் கேட்டுவந்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

பிறகு வரிசைகட்டி வந்தார்கள். 2005-ல் ஒரே சீசனோடு கசந்துபோய் விலகிய கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன், 2021-ல் ஒலிநாடகத்தில் மீண்டும் டாக்டரானார். இறந்துபோன நடிகர்களின் வேடங்களுக்கு அவர்கள் வீட்டுப் பிள்ளைகளே குரல் கொடுக்கிறார்கள். இரண்டாவது டாக்டர் பேட்ரிக் டிராட்டனுக்கு மகன் மைக்கேல். சாரா ஜேனாக நடித்த எலிசபெத் ஸ்லேடனுக்கு மகள் சேடி. இதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. இறந்தவரின் குரலைப் போலவே பேசுவது எதற்கு, அந்தப் பாத்திரத்தை அப்படியே விட்டுவிடலாமே என்று தோன்றும். ஆனால், அம்மா பேசிய வசன நடையை மகள் பேசும்போது அந்த வாதம் கொஞ்சம் தளர்ந்துபோகிறது.

பி.பி.சி வானொலியும் சும்மா இருக்கவில்லை. 'டாக்டர் ஹூ'விலிருந்து பிரிந்த 'டார்ச்வுட்' தொடருக்கு அவர்களே ஒலிநாடகங்கள் செய்தார்கள். 2009-ல் வந்த 'கோல்டன் ஏஜ்' நடப்பது நம் டெல்லியில். 1924-ஐ விட்டு நகர மறுத்து, வயதே ஆகாமல் ஒரு மாளிகைக்குள் உட்கார்ந்திருக்கும் ஆங்கிலேயர்கள். வெளியே தெருவில் மக்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். ஆண்ட காலத்தை விட மனமில்லாதவர்களைப் பற்றி ஆங்கிலேயர்களே எழுதிய கிண்டல்.

எங்கே தொடங்கலாம்?

குறையும் சொல்லிவிடுகிறேன். இப்போது வெளியீடுகள் எக்கச்சக்கம். மாதத்துக்குப் பல தொகுப்புகள், ஒன்றோடொன்று பின்னிய கதைகள். புதிதாக உள்ளே வருபவருக்கு, கூட்டுக்குடும்பக் கல்யாணத்தில் தனியாக மாட்டிக்கொண்டதுபோல இருக்கும். யார் யாருக்கு என்ன உறவு என்றே தெரியாது. விலையும் குறைவில்லை. தமிழிலும் கிடையாது, பிரிட்டிஷ் உச்சரிப்புக்குக் காது பழக அரை மணி நேரமாவது ஆகும்.

ஆகவே, பழையதில் தொடங்குங்கள். முதலில் 'ஸ்டார்ம் வார்னிங்'. அது பிடித்தால், அதே டாக்டரும் சார்லியும் வரும் 'தி சைம்ஸ் ஆஃப் மிட்நைட்'. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, ஒரு பழைய ஆங்கிலேய மாளிகை, வேலைக்காரர்களின் சமையலறை. கடிகாரம் மணி அடிக்கும்போதெல்லாம் ஒருவர் செத்துப்போகிறார். பிறகு எல்லோரும் மறுபடி எழுந்து வேலை பார்க்கிறார்கள், ஒன்றுமே நடக்காததுபோல. இதில் வரும் பாத்திரம் தேய்க்கும் சின்னப் பெண் ஈடித்தை, கேட்டு முடித்த பிறகும் மறக்க முடியாது. வீட்டில் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் சேர்ந்தே கேட்கலாம்.

ஹெட்போன் அவசியம். விளக்கை அணைப்பது உங்கள் விருப்பம். சுவர்க்கடிகாரம் உள்ள அறை மட்டும் வேண்டாம்.